மவுஸை அலமாரியில் வைத்த கதை

போன வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போயிருந்தேன். ஆடு வாங்க இல்லை, கத்திரிக்காய் வாங்க. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் பையைக் கீழே வைத்துவிட்டு என்னை வழிமறித்தார். "இன்னா சார், நாலு மாசமா ஒண்ணுமே எழுதக் காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் சார் இருக்குது. கைதான்" என்று வலது கையை நீட்டிக் காட்டினேன். அது பாட்டுக்கு ஆடியது. அவர் ஒன்றும் சொல்லாமல் என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டார். ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் இருவரும் வேறு ஏதோ பேசிக்கொண்டு போனோம்.

அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

தபால் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவனுக்கு எது சொத்து என்று கேட்டால், கையெழுத்து என்பேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மணியார்டர் பாரம் எழுதிக் கொடுத்தே என் எழுத்து முத்து முத்தாக ஆனது. பாஸ்புக்கில் நான் பெயர் எழுதினால், "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குது" என்பார்கள். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷத்தில் அந்த எழுத்து போயிற்று. முதலில் கையெழுத்தின் வால் மட்டும் நெளிந்தது. அப்புறம் முழுப் பெயரும். வங்கியில், "சார், ஸ்பெசிமனோட ஒத்துப் போகல" என்று பணம் எடுக்கும் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வேலூர் டாக்டர், பயப்படாதீர்கள், இது பார்க்கின்சன் இல்லை என்றார். அது கை சும்மா இருக்கும்போது ஆடுவது. எனக்கு இருப்பது கையால் ஏதாவது செய்யப்போனால் ஆடுவது. எசென்ஷியல் ட்ரெமர் என்று பெயர். பல குடும்பங்களில் வழிவழியாக வருமாம். அப்போதுதான் அப்பாவின் நினைப்பு வந்தது. அவர் காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். குளிருக்கு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். இதற்கென்று வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை எனக்கு ஆகாது, வீசிங் உண்டு. ஆக, கையோடு நானேதான் சமாதானம் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

பேனா போனால் போகட்டும், கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று நினைத்தேன். டைப் அடிப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. குடியாத்தத்தில் தமிழ் லோயர் பாஸ் செய்தவன். பத்து விரலும் பலகைமேல் ஊன்றி இருந்தால் நடுக்கம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. பிரச்சினை மவுஸில். ஒரு சின்னப் பெருக்கல் குறியின்மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், நிறுத்திய இடத்திலேயே அமுக்க வேண்டும். ஊசியில் நூல் கோப்பது போன்ற வேலை அது. நான் ஒன்றை அமுக்கப் போனால் பக்கத்தில் இருப்பது அமுங்கும். ஒரு ஜன்னலை நகர்த்தப் போனால் அது சுருங்கி எங்கேயோ ஓடி ஒளிந்துகொள்ளும், அதன்மேல் இன்னொன்று வந்து உட்காரும். எது அடியில், எது மேலே என்று தேடவே கால் மணி நேரம் ஆகும்.

அப்படித்தான் அந்தக் கட்டுரை போயிற்று.

பீஞ்சமந்தைப் பக்கத்து மலைக்கு ரோடு வருவதற்கு முன்னால் தபால் பையைத் தோளில் சுமந்து ஏறிய பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. போன ஆனியில் இரண்டு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்டு வந்தேன். மழையில் பை நனையாமல் இருக்க என்ன செய்தார், கரடி எதிரே வந்தால் என்ன செய்தார், மேலே காத்திருந்தவர்களுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டியது, துக்கச் செய்தி என்றால் வழியிலேயே தெரிந்துகொண்டு எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி ஏறியது, எல்லாம். ஆறு நாள் உட்கார்ந்து டைப் அடித்தேன். ஏழாம் நாள் மூடப்போகும்போது, சேமிக்கட்டுமா வேண்டாமா என்று ஒரு சின்னப் பெட்டி கேட்டது. "சேமி" என்பதற்கு நேராக அம்பைக் கொண்டுபோனேன். கை ஒரு ஆட்டம் ஆடியது. "வேண்டாம்" அமுங்கிவிட்டது. ஆறு நாளில் ஒரு தடவைகூடச் சேமிக்காமல் இருந்தது என் முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெரியவரிடம் போய், "ஐயா, திரும்பச் சொல்லுங்க" என்று எந்த முகத்தோடு கேட்பது? கம்ப்யூட்டரை மூடி வைத்தவன் நாலு மாதம் திறக்கவில்லை.

மகன் ஓசூரிலிருந்து, "அப்பா, பேசினா அதுவே எழுதிக்கும், போன்லயே இருக்குது" என்றான். பேசிப் பார்த்தேன். பீஞ்சமந்தை என்றேன், "பிஞ்சு மண்டை" என்று எழுதியது. உத்திரகாவேரியை "உத்தரவு காவேரி" ஆக்கியது. பொம்மையை வைத்து விளையாடுகிற மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு என் தங்கையின் பேரன் வந்தான். காட்பாடியில் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறான். என்னிடம் இருப்பது அரசு கொடுத்த இலவச லேப்டாப். 2013-ல் தம்பி மகள் பிளஸ் டூ படித்தபோது வாங்கியது. அவள் கல்யாணமாகிப் போகும்போது என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். பேட்டரி செத்துவிட்டது, பிளக்கில் செருகினால்தான் உயிர். 2 ஜிபி ராம். 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்புகளில் விண்டோஸ் 7-ம், சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அதற்கும் முன்பே, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், 2007 வாக்கிலேயே அங்கே சூசி லினக்ஸுக்கு மாறியிருந்தார்கள். ஆகவே லினக்ஸ் என்பது நமக்குப் புதுசு இல்லை. நம்மில் பலர் வீட்டு அலமாரியில் இருந்தது, திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பையன் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "தாத்தா, உங்களுக்கு மவுஸே வேணாம்" என்றான். ராத்திரி உட்கார்ந்து டெபியன் லினக்ஸைப் போட்டு, அதன்மேல் ஐ3 என்று ஒன்றைப் போட்டான். காலையில் திறந்து காட்டினான். கறுப்புத் திரை. அடியில் ஒரு மெல்லிய பட்டை, அதில் நேரம். வேறு ஒன்றும் இல்லை. ஐகான் இல்லை, மெனு இல்லை.

"ஒண்ணுமே இல்லையேடா?"

"நீங்க கேட்டாத்தான் வரும் தாத்தா."

காப்பியோடு வந்த என் மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க, டி.வி. கெட்டுப்போன மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வேலையும் ஒரு ஜன்னலாகத் திறக்கிறது. அந்த ஜன்னல்களை எங்கே, எவ்வளவு பெரிதாக வைப்பது என்று பார்த்துக்கொள்ள உள்ளே ஒரு மேஸ்திரி உண்டு. நாம் எல்லோரும் பழகிய மேஸ்திரி ஜன்னல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டு, இழுத்து ஒழுங்குபடுத்தும் வேலையை நம் தலையில் கட்டிவிடுகிறார். ஐ3 அப்படிச் செய்யாது. ஒன்றைத் திறந்தால் திரை முழுக்க அதற்கே. இரண்டாவதைத் திறந்தால் ஆளுக்குப் பாதி. மூன்றாவது வந்தால் மூன்று பங்கு. டைல்ஸ் பதித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று இன்னொன்றை மறைக்காது. எல்லாம் விசைப்பலகையிலேயே. விண்டோஸ் படம் போட்ட பொத்தானை அமுக்கிக்கொண்டு அம்புக்குறிப் பொத்தானைத் தட்டினால் பக்கத்து ஜன்னலுக்குப் போகலாம். அதே பொத்தானோடு 1, 2, 3 என்று தட்டினால் தனித்தனித் திரைகள். ஒன்றில் எழுத்து வேலை, இரண்டில் இன்டர்நெட், மூன்றில் பழைய போட்டோக்கள்.

பையன் விளக்கி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. "டேய், இது சார்ட்டிங் கேஸ்டா!" என்றேன். அவனுக்கு அது புரியவில்லை. அவன் எங்கே பார்த்திருக்கப் போகிறான்?

பழைய தபால் ஆபீசுக்குள் வந்தவர்களுக்குத் தெரியும். சுவரோரமாகப் புறாக்கூண்டு மாதிரி மரத்தட்டு நிற்கும். காலையில் பையை அவிழ்த்து மேசைமேல் கொட்டினால் கடிதங்கள் குன்றாகக் கிடக்கும். எது யாருக்கு என்று ஒன்றும் தெரியாது. பிரித்து ஒவ்வொரு அறையிலும் போட்டு முடித்தால், இது இந்தத் தெரு, இது அந்தக் கிராமம், இது மலைக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். மலைக்கான அறை கடைசி வரிசையில் வலது ஓரம். பதினோரு வருஷம் என் கை அங்கே தானாகப் போயிற்று. இப்போது விண்டோஸ் பொத்தானும் 3-ம் அமுக்கினால் போட்டோக்கள் வருவதும் அப்படித்தான். கண்ணால் தேட வேண்டியது இல்லை. தேடாத கை குறைவாக நடுங்குகிறது, இது என் அனுபவம்.

இந்த முறை ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்தேன். இல்லையாம். 1985-ல் வந்த முதல் விண்டோஸிலேயே ஜன்னல்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றன. ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் வசதி 1987-ல் இரண்டாம் பதிப்பில்தான் வந்தது. உலகம் மேசைமேல் காகிதம் இறைந்து கிடப்பதைத்தான் விரும்பியது. சார்ட்டிங் கேஸ் பக்கமே இருந்துவிட்டவர்கள் கொஞ்சம் பேர். அவர்களில் ஒருவர் ஜெர்மனியில் மைக்கேல் ஸ்டாப்பெல்பெர்க் என்பவர். 2009-ல் ஐ3-ஐத் தொடங்கி, இலவசமாகவே கொடுத்தார். பையன் தனக்கு வைத்திருப்பது இதைவிடச் சின்னது. டிடபிள்யூஎம் என்று பெயர், 2006-ல் வந்தது. மொத்த நிரலும் 2000 வரிக்குள் இருக்க வேண்டும் என்று அதை எழுதியவர்கள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்களாம். அதில் ஒரு பொத்தானை மாற்ற வேண்டுமென்றாலும் நிரலைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். "அது உங்களுக்கு வேணாம் தாத்தா. ஐ3-ல எல்லா ஏற்பாடும் ஒரே பைல்ல சாதாரண எழுத்துல இருக்கும். நீங்களே மாத்தலாம்" என்றான்.

நீங்களே மாத்தலாம் என்றதை நான் அன்றைக்குக் காதில் வாங்கவில்லை.

அவன் எனக்காகச் சில ஏற்பாடுகள் செய்தான். நடுங்கும் விரல் ஒரு பொத்தானில் கொஞ்சம் தங்கினாலும் "ககககக" என்று ஓடும். அந்த ஓட்டம் தாமதமாகத் தொடங்குகிற மாதிரி வைத்தான். தமிழுக்கு ஐபஸ் என்பதைப் போட்டு, என் பழைய டைப்ரைட்டர் அமைப்பையே கொடுத்தான். எழுதுவதற்கு ஒரு எளிய செயலி. பெயர் மவுஸ்பேட்! பெயரில் மட்டும்தான் மவுஸ். பொத்தான்களின் பட்டியலைக் காகிதத்தில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினான். மவுஸை நானே சுருட்டி அலமாரியில் வைத்தேன். பொங்கல் முடிந்து அவன் விடுதிக்குப் போனான்.

மறுநாளே வம்பு. எழுதிக்கொண்டே இருக்கிறேன், திடீரென்று எழுத்துகள் பக்கத்து ஜன்னலில் போய் விழுகின்றன. இன்னொன்று, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற விண்டோஸ் பொத்தானையும் ஸ்பேஸையும் சேர்த்து அமுக்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறது. அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. பையனுக்குப் போன் போட்டேன். பரீட்சை நேரம், எடுக்கவில்லை. சாயங்காலம் ஒரே ஒரு செய்தி வந்தது: "பைலைத் திறந்து படிங்க தாத்தா. கெட்டுப்போகாது."

திறந்தேன். இருநூறு வரிக்குமேல் ஆங்கிலம். ஆனால் ஒவ்வொரு வரியும் ஒரு உத்தரவு. இலாகா சர்க்குலர் படித்துப் பழகியவனுக்கு அது அவ்வளவு கஷ்டமில்லை. பைண்ட்சிம் என்று தொடங்கினால், இன்ன பொத்தானுக்கு இன்ன வேலை. எக்ஸெக் என்றால், தொடங்கும்போதே இதை ஓட்டு. முன்னால் வேலிக்குறி போட்டிருந்தால் அந்த வரி தூங்குகிறது, குறிப்பு மட்டும். இரண்டு மணி நேரம் வரிவரியாகப் படித்தேன். டாலர் மாட், கூட்டல், ஸ்பேஸ் என்று ஒரு வரி. டாலர் மாட் என்பது விண்டோஸ் பொத்தான்தான். ஆக, நான் தமிழுக்கு மாற அமுக்கும் அதே இரண்டு பொத்தானை ஐ3 வேறு ஒரு வேலைக்குப் பிடித்து வைத்திருக்கிறது! ஒரே வீட்டு எண்ணில் இரண்டு பேர் இருந்தால் கடிதம் முதலில் கதவைத் திறந்தவரிடம்தானே போகும்?

அந்த வரிக்கு முன்னால் வேலிக்குறி போட்டேன். போடும்போது கை ஆடி முதல் எழுத்தை அழித்துவிட்டேன் போலிருக்கிறது. வரி தூங்குவதற்குப் பதில் தவறாக ஆனது. புது ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லி விண்டோஸ், ஷிப்ட், சி அமுக்கினேன். திரையின் தலையில் சிவப்புப் பட்டை வந்து நின்றது, பைலில் பிழை இருக்கிறது என்று. நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றுபோயிற்று. போச்சு, இதையும் கெடுத்துவிட்டேன். ஆனால் பையன் சொன்னது சரி, ஒன்றும் கெடவில்லை. மற்ற ஜன்னல்கள் அப்படியே இருந்தன. பட்டையை விட்டுவிட்டு மறுபடி பைலைப் பார்த்தேன். வேலிக்குறி இரண்டு எழுத்து தள்ளி நின்றிருந்தது. சரிசெய்தேன். பட்டை போயிற்று. ஆனாலும் தமிழ் மாறவில்லை. வெளியேறி மறுபடி உள்ளே வந்து விண்டோஸ், ஸ்பேஸ் தட்டினேன். மாறியது. மறுபடி தட்டினேன். மாறியது. சும்மாவே பத்து தடவை தட்டிப் பார்த்தேன்.

எழுத்து பக்கத்து ஜன்னலுக்கு ஓடியதற்கும் காரணம் மறுநாள் கிடைத்தது. உள்ளங்கை டச்பேடில் லேசாகப் பட்டாலும் அம்பு நகர்கிறது. அம்பு எந்த ஜன்னலின்மேல் போனாலும் ஐ3 அதையே நடப்பு ஜன்னலாக எடுத்துக்கொள்கிறது. அப்படிச் செய்யாதே என்று சொல்ல ஒரு வரி இருக்கிறது, போகஸ் பாலோஸ் மவுஸ், நோ. எழுதினேன். ஓட்டம் நின்றது. இரண்டு வரி. அறுபத்தெட்டு வயதில் இதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று கேட்பீர்கள். வங்கியில் சீட்டு திரும்பி வந்த நாளிலிருந்து, எல்லாவற்றையும் யாராவது செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சட்டைப் பொத்தானைக்கூட. அது உங்களில் சிலருக்குப் புரியும்.

எல்லோரும் இதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும். பட்டியலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கும். இன்டர்நெட்டில் சில அரசுப் பக்கங்கள் மவுஸ் இல்லாமல் அசையவே அசையாது. ஓய்வூதிய வேலைக்கு நான் இப்போதும் பக்கத்து வீட்டுப் பெண்ணைத்தான் கூப்பிடுகிறேன். மூன்று பொத்தானைச் சேர்த்து அமுக்குவது என்னைப் போன்ற கைக்குச் சிரமம். ஜன்னலை மூடும் விண்டோஸ், ஷிப்ட், க்யூ அப்படி ஒன்று. அதை மட்டும் நான் மாற்றவில்லை. மூடுவது கொஞ்சம் கஷ்டமாகவே இருக்கட்டும்.

என் மனைவிக்கும் ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். விண்டோஸ் பொத்தானும் எஃப்9-ம் அமுக்கினால் அவளுடைய சுப்ரபாதம் பாடும். காலையில் ஐந்தரைக்கு நான் எழுந்திருப்பதற்கு முன்னால் பாட ஆரம்பித்துவிடுகிறது. டி.வி. கெட்டுப்போன மாதிரி என்று இப்போது சொல்வதில்லை.

பெரியவர் கதைக்கு வருகிறேன். திண்ணையில் உட்கார்ந்து எடுத்த குறிப்பு நோட்டு என்னிடம் இருந்தது. என் நடுங்கிய எழுத்து, எனக்கே படிக்க முடியாது என்று ஒதுக்கியிருந்தேன். பையன் ஊருக்குப் போகுமுன் அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து லேப்டாப்பில் ஏற்றியிருந்தான். இப்போது இடது பாதியில் நோட்டின் பக்கம், பெரிதாக்கி. வலது பாதியில் நான் எழுதுவது. ஒன்று இன்னொன்றை மறைப்பதில்லை. ஒரு வார்த்தை புரியாவிட்டால் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கொஞ்ச நேரத்தில் திண்ணையும் அவர் குரலும் வந்துவிடுகின்றன, வார்த்தையும் வந்துவிடுகிறது. பதினெட்டு பக்கத்தில் பதினாறு முடிந்தது. இரண்டு வரிக்கு ஒருதரம் கன்ட்ரோல் எஸ்.

இரண்டு இடம் மட்டும் எவ்வளவு பார்த்தும் படிக்க முடியவில்லை. ஒன்று, மழைக்காலத்தில் அவர் பையைச் சுற்றிக் கட்டியது எந்த இலை என்பது. இன்னொன்று ஒரு பெண்ணின் பெயர். யாருடைய கடிதத்தை அவர் மூன்று நாள் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தாரோ, அந்தப் பெண். பெரியவர் வெள்ளிக்கிழமை ஆட்டோடு சந்தைக்கு இறங்குவார். நேரில் கேட்டுவிட்டு, முழுக்க அவருக்குப் படித்துக் காட்டி, அவர் சரி என்றால் அடுத்த வாரம் இங்கே போடுகிறேன். கணக்கு வாத்தியார் ஐயா, நீங்களும் வாருங்கள், டீ என் கணக்கு. டம்ளரை மட்டும் நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.